கிளீனர் இறக்கிவிட்ட டிரைவர்

குரு என்றதும் தாடி, மான்தோல், ஆலமரம் என்று எதையாவது கற்பனை செய்துகொள்ளாதீர்கள். இந்தக் கதையின் குருவுக்கு வயது முப்பத்து நான்கு. பெயர் சண்முகவடிவு. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, பரோட்டாக் கடை மாடியில், கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். முன்னால் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்ததால் ஊருக்கே அவர் டீச்சர்.

சிஷ்யருக்கு வயது ஐம்பத்தொன்று. பெயர் குருசாமி. சிரிக்காதீர்கள், அப்பா அம்மா வைத்த பெயருக்கு அவர் என்ன செய்வார். தீப்பெட்டி லோடு ஏற்றிக்கொண்டு நாக்பூர் வரைக்கும் லாரி ஓட்டிய மனுஷன். ஒருநாள் இடது முழங்கால், இனிமேல் கிளட்ச் மிதிக்க முடியாது என்று உட்கார்ந்துவிட்டது. வீட்டில் சும்மா கிடந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று, டீச்சரிடம் தொழில் கற்றுக்கொள்ள மாடி ஏறிவிட்டார்.

முதல் பாடத்திலேயே அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"சத்தம் குடுக்கிறது ஒரு சாமான், படம் காட்டுறது ஒரு சாமான். ஒவ்வொண்ணையும் ஓட்டுறதுக்கு உள்ள ஒரு டிரைவர் உண்டு, அண்ணாச்சி. டிரைவர் இல்லன்னா சாமான் சும்மா கெடக்கும்."

"வைரஸ் வந்தா?"

"அதைக் கூட்டித் தள்ளுறதுக்குக் கிளீனர் உண்டு."

"டிரைவரு, கிளீனரு! நம்ம பொழப்பு நமக்கு முன்னாடியே இங்க வந்து உக்காந்திருக்கா!"

டீச்சர் சிரிக்கவில்லை. அவர் அதிகம் சிரிக்கிற ஆளும் இல்லை, அதிகம் பேசுகிற ஆளும் இல்லை. ஒன்று கேட்டால் ஸ்குரூ டிரைவரைக் கையில் கொடுத்து "கழட்டிப் பாருங்க" என்பார். அவ்வளவுதான் உபதேசம்.

அப்படியே நாலு மாதம் போயிற்று. ஒருநாள் தூத்துக்குடியில் ஒரு கல்யாணம். டீச்சர் கடைச் சாவியைக் குருசாமி கையில் கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்கென்று பார்த்து, இளைஞர் ஒருவர் ஆட்டோவில் ஒரு சிபியு பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினார்.

"எங்க மச்சான் வீட்டு கம்ப்யூட்டர். வைரஸ் புகுந்துருச்சு. அவரு பேர்ல யார் யாருக்கோ அசிங்கமான மெயிலாப் போகுது. மானம் போகுதுங்க."

"வச்சிட்டுப் போங்க. சாயங்காலம் பளிங்கு மாதிரி ஆக்கித் தாரேன்," என்றார் குருசாமி.

தன்னந்தனியாகச் செய்கிற முதல் வேலை. கடை மானிட்டரை மாட்டி, கிளீனரை ஓடவிட்டார். அது குப்பை குப்பையாய் வாரிப் போட்டது. அதில் ஒன்று, அடிக்கிற எழுத்தையெல்லாம் வேவு பார்த்து வெளியே அனுப்புகிற வைரஸ் என்று திரையில் காட்டியது. கடைசியில் சத்தத்துக்கான டிரைவரையும் சேர்த்துத் தூக்கிவிட்டது. அதிலும் வைரஸ் ஏறியிருந்ததாம். அடப்பாவி, இத்தனை வருஷ சர்வீஸில் டிரைவரை வண்டியை விட்டு இறக்கிவிட்ட கிளீனரை நான் பார்த்ததே இல்லையே என்று குருசாமிக்கு ஆச்சரியம்.

சரி, மாற்று டிரைவர் போட்டால் தீர்ந்தது. பெட்டியின் நெற்றியில் ஒரு கம்பெனி பெயர் பளபளவென்று ஒட்டியிருந்தது. அந்தப் பெயருக்கு வலையில் ஒரு டிரைவரைத் தேடிப் பிடித்து உட்காரவைத்தார். அது முரண்டு பிடித்தது. வம்படியாக ஏற்றினார். டிரைவர் பட்டியலில் எச்சரிக்கையாய் நின்ற மஞ்சள் முக்கோணம் மறைந்தது. சாயங்காலம் பெட்டி அதே ஆட்டோவில் வீடு போய்ச் சேர்ந்தது.

மறுநாள் மத்தியானம் கடை போன் அடித்தது. டீச்சர் ஒரு மதர்போர்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். குருசாமிதான் எடுத்தார்.

"நேத்து ஒரு சிபியு வந்துச்சுல்லா, அந்த வீட்டுலயிருந்து பேசுறேன். சத்தம் வரலைங்க."

"மத்ததெல்லாம் ஓடுதா தம்பி?"

"அது எனக்குத் தெரியாதுங்க. சத்தம் வரலை."

"சத்தந்தானே. நாளைக்கு வந்து பாக்கேன்."

"நாளைக்கு வேண்டாங்க. இன்னைக்கு நாலு மணிக்கு எனக்குப் பரீட்சை. வீட்டுலயிருந்தே எழுதணும்."

"பரீட்சை எழுதுறவருக்குப் பாட்டு எதுக்குத் தம்பி?"

 எதிர்முனைக் குரல், "கொஞ்சம் வந்துட்டுப் போங்க," என்று தெருப் பெயரைச் சொல்லி வைத்துவிட்டது.

டீச்சர் கையில் இருந்த பிரஷ்ஷைக் கீழே வைத்தார்.

"யாரு வீட்டு கம்ப்யூட்டர், அண்ணாச்சி?"

"யாரோ தெரியலை டீச்சர். மச்சினன்காரர் கொண்டாந்தாரு."

"ஸ்பீக்கர் மாட்டிப் பாத்தீங்களா?"

"நம்ம கடையில ஸ்பீக்கர் ஏது? எல்லாம் சரியா இருக்குன்னு ஸ்கிரீன்ல காட்டுச்சே."

டீச்சர் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். "வாங்க."

ஸ்கூட்டர் டீச்சருடையது. ஓட்டுவதும் டீச்சர்தான். பதினாறு சக்கரம் ஓட்டியவர் பின்னால் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு திருப்பத்திலும் இல்லாத பிரேக்கை மிதித்தபடி போனார்.

கதவு திறந்தே இருந்தது. ஒல்லியாய் ஒருவர் வாசலில் நின்றார். நாற்பதை நெருங்கும் வயது. பெயர் கனகவேல் என்றார்.

"வாங்க. ரெண்டு பேர் வந்திருக்கீங்க போல. செருப்பை ஓரமா விட்டுட்டு வாங்க. நடையில கெடந்தா தட்டி விழுந்துருவேன்."

குருசாமி நிமிர்ந்து பார்த்தார். கனகவேலின் கண்கள் இரண்டும் இவர்களைத் தாண்டி எங்கேயோ நின்றன. பிறவியிலேயே பார்வை இல்லாதவர்.

பாட்டு எதுக்குத் தம்பி என்று போனில் கேட்டது குருசாமிக்கு நினைவு வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. குனிந்து, தன் செருப்பைச் சுவரோடு சுவராய்த் தள்ளி வைத்தார். டீச்சருடைய செருப்பையும் தள்ளி வைத்தார்.

அறையில் ஒரு மேசை. மேசைமேல் கீபோர்டு, இரண்டு ஸ்பீக்கர். கீழே அந்தப் பெட்டி.

"உக்காந்து பாருங்கண்ணாச்சி," என்றார் டீச்சர்.

குருசாமி நாற்காலியில் உட்கார்ந்தார். பார்ப்பதற்கு அங்கே எதுவுமே இல்லை.

"மானிட்டரைக் காணோமே தம்பி."

"எனக்கு எதுக்குண்ணாச்சி மானிட்டர்?" என்றார் கனகவேல். குத்தலாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். குருசாமிக்கு அதுதான் இன்னும் வலித்தது. மேசைக்குக் கீழே பெட்டி உயிரோடு உறுமிக்கொண்டிருந்தது. உள்ளே என்ன நடக்கிறதென்று ஒரு மண்ணும் தெரியவில்லை. சும்மா நாலு எழுத்தைத் தட்டினார். எதையும் அது சொல்லவில்லை.

"நேத்துச் சாயங்காலத்துலயிருந்து எனக்கும் இப்படித்தான் இருக்கு," என்றார் கனகவேல். "முன்னறையில டிவி இருக்கு. அதுல மாட்டிப் பாப்பீங்களா?"

டீச்சர் பையிலிருந்து மவுஸும் வயரும் வெளியே வந்தன. பெட்டியை முன்னறைக்குத் தூக்கினார்கள். கீபோர்டும் ஸ்பீக்கரும் பின்னாலேயே போயின. டிவியின் முதுகில் வயர் செருக இடம் இருந்தது, நல்ல வேளை.

மாட்டுகிற நேரத்தில் கனகவேல் தன் பாடுகளைச் சொன்னார். ரயிலில் கடலைமிட்டாய் விற்கிறவர். மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் நடுவே, பெட்டி பெட்டியாய் ஏறி இறங்குகிற பிழைப்பு. போன மாதம் சாத்தூரில் இறங்கும்போது வண்டி கிளம்பிவிட்டது. விழுந்து தோள்பட்டை விலகிப் போயிற்று. இனிமேல் ரயிலில் கால் வைக்கக்கூடாது என்று வீட்டுக்காரி ஒற்றைக்காலில் நிற்கிறாள். இந்தப் பரீட்சையில் தேறினால் வீட்டிலிருந்தபடியே போனில் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்கிற வேலை. அடுத்த பரீட்சை எப்போது வருமோ, அதற்குள் வயசு வரம்பு தாண்டிவிடும்.

"மூணே முக்காலுக்குள்ள கம்ப்யூட்டர்ல அவங்க பரீட்சைப் பக்கத்துக்குள்ள போய் உக்காந்துரணும். லேட்டானா கதவை அடைச்சிருவாங்க. அது வரைக்கும் இது எனக்குப் பேசணும். அவ்வளவுதாங்க."

குருசாமி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி இரண்டரை.

டிவியில் படம் வந்தது. டிரைவர் பட்டியலைத் திறந்தார்கள். எல்லாம் சுகமாய் இருப்பதாகக் காட்டியது.

"எந்த டிரைவர் போட்டீங்க?"

"பெட்டி மேல ஒட்டியிருக்கிற பேருக்கு உள்ளது. டிரைவர்னா டிரைவர்தானே டீச்சர்? லைசென்ஸ் இருந்தா எந்த வண்டியையும் எடுத்துட்டுப் போயிருவான்னு நெனச்சேன்."

டீச்சர் கனகவேல் பக்கம் திரும்பினார். "இந்தப் பெட்டி வாங்கி எத்தனை வருஷமாச்சு?"

"பெட்டி ரொம்பப் பழசும்மா. ஆனா போன ஐப்பசியில இடி விழுந்து உள்ள இருந்தது எல்லாம் கருகிப் போச்சு. வேற போர்டு போட்டுத்தான் ஓடுது. பெட்டி மட்டும் அதே பெட்டி."

டீச்சர் ஸ்குரூ டிரைவரைக் குருசாமி கையில் கொடுத்தார்.

பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, போன் வெளிச்சத்தில் தூசியைத் துடைத்துப் பார்த்தால், போர்டின் நடுவில் வேறு ஒரு பெயர். நெற்றியில் ஒட்டியிருந்ததற்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வீட்டுக்காரரே நேற்றே சொல்லியிருப்பார். போன் போட்டுக் கேட்கத் தோன்றவில்லையே, மடையா, என்று குருசாமி தன்னையே திட்டிக்கொண்டார்.

"இங்க ஒரு டிரைவருக்கு ஒரு வண்டிதான், அண்ணாச்சி," என்றார் டீச்சர்.

வம்படியாக ஏற்றியதை முதலில் இறக்கினார்கள். பிறகு போனிலிருந்து இணையத்தைக் கொடுத்து, போர்டில் கண்ட பெயருக்கான டிரைவரை வலையிலிருந்து எடுத்துப் போட்டார்கள். பெட்டியை அணைத்துத் திரும்பப் போட்டதும் ஸ்பீக்கரில் டிங் என்று ஒரு மணி அடித்தது.

குருசாமி கையைத் தட்டிவிட்டார். "வந்துட்டான்யா டிரைவர்!"

கனகவேல் முகம் மலர்ந்தது. "நகருங்கண்ணாச்சி," என்று நாற்காலியில் வந்து உட்கார்ந்து, கீபோர்டைத் தடவி, ஏதோ இரண்டு மூன்று விசைகளைச் சேர்த்து அமுக்கினார். காத்திருந்தார். மறுபடி அமுக்கினார். மலர்ந்த முகம் மெல்லச் சுருங்கியது.

"இது பேசலையே."

"அதான் மணி அடிச்சுதே தம்பி."

"மணி அடிச்சுது. பேசலை. நான் எதை அடிச்சாலும் என்ன அடிச்சேன்னு ஒண்ணு வாசிச்சுக் காட்டும். திரையில இருக்கிறது அத்தனையும் வாசிக்கும். அதைக் காணோம்."

 குருசாமிக்கு முந்தைய நாள் நடந்தது முழுக்க நினைவுக்கு வந்துவிட்டது.

கிளீனர் தன் வேலையை முடித்த பிறகும் அவர் விடவில்லை. முதல் வேலை அல்லவா, ஒரு குப்பையும் மிஞ்சக்கூடாதென்று தாமே உள்ளே இறங்கித் தேடினார். ஓடிக்கொண்டிருந்த புரோகிராம்களின் பட்டியலில் ஒன்றின் எண் மட்டும் அவர் ஓர் எழுத்தை அடித்தால் துள்ளியது. மறுபடி அடித்தால் மறுபடி துள்ளியது. அடிக்கிற ஒவ்வொரு எழுத்தையும் எவனோ பார்த்துக்கொண்டிருக்கிறான்! அகப்பட்டியா என்று அதை வேரோடு பிடுங்கி எறிந்தார். குப்பைத் தொட்டியையும் காலி செய்தார். அதன் பெயர் என்ன என்றுகூடப் பார்க்கவில்லை.

"டீச்சர்," என்றார்.  "அதைத் தூக்கிப் போட்டது நான்தான். வேவு பாக்குற வைரஸ்னு நெனச்சுட்டேன். தம்பி, மன்னிச்சிருங்க."

 கனகவேலின் கை கீபோர்டிலிருந்து மடிக்கு இறங்கியது. இத்தனை நாள் கூடவே இருந்த ஓர் ஆள் போய்விட்டதாய்க் கேட்ட முகம் அது. "அதோட குரலு, வேகம், எல்லாம் எனக்குப் பழகினபடி வச்சிருந்தேன்," என்றார்.

டீச்சர் திட்டவில்லை. வாசித்துக் காட்டுகிற அந்தப் புரோகிராமின் பெயரைக் கேட்டுக்கொண்டு, அதை வலையிலிருந்து இறங்க விட்டார். போன் சிக்னல் ஆமை வேகத்தில் இழுத்தது. மணி மூன்றேகால்.

"அது வந்து சேர நேரமாகும். அதுக்குள்ள நீங்க பரீட்சைப் பக்கத்துக்குப் போயிருங்க, சார்," என்றார் டீச்சர் கனகவேலிடம். பிறகு திரும்பி, "அண்ணாச்சி, நீங்க வாசிங்க."

"என்னத்தை?"

"எல்லாத்தையும்."

குருசாமி ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக் கனகவேல் பக்கத்தில் உட்கார்ந்தார். டிவியில் தெரிந்ததை வாசிக்க ஆரம்பித்தார். பரீட்சைக்கான இணைப்பு மெயிலில் இருந்தது. மெயில் பெட்டியைத் திறந்தால் வரிசையாய்க் கடிதங்கள்.

"'உங்கள் விண்ணப்பத்துக்கு நன்றி. வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்வது...'" குருசாமி நிறுத்திவிட்டார். அதற்குக் கீழேயும் அதே மாதிரி ஒன்று. அதற்குக் கீழேயும்.

"வாசிங்கண்ணாச்சி. எல்லாம் எனக்குத் தெரிஞ்சதுதான். அதுல எட்டாவதோ ஒன்பதாவதோ நமக்கு வேண்டியது இருக்கு."

ஒவ்வொன்றாய் வாசித்துக்கொண்டே இறங்கினார்.   நடுவில் கனகவேலின் தங்கச்சி புருஷன், 'இந்தச் சனியன் பிடித்த மெயிலை எனக்கு ஏன் அனுப்பினாய்' என்று வைரஸ் செய்த வேலைக்கு இவரைத் திட்டியிருந்தான். அதையும் வாசித்தார். வேண்டிய கடிதம் வந்தது. இணைப்பைத் திறந்தார்கள். பாஸ்வேர்டு கேட்டது.

கனகவேல் அடித்தார். திரையில் புள்ளி புள்ளியாய் விழுந்தது.

"புள்ளி. புள்ளி. இன்னொரு புள்ளி." குருசாமி நெளிந்தார். "தம்பி, உங்க வெரலைப் பாத்தாலே என்ன எழுத்துன்னு தெரியுது. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிடுதேன்."

"திரும்பாதீங்க. தப்பா அடிச்சா யாரு சொல்லுவா?"

தப்பாகத்தான் அடித்தார், பதற்றத்தில் ஓர் எண் மாறிப்போயிற்று. குருசாமி காதோரம் குனிந்து மெல்லச் சொன்னார். மறுபடி அடித்தார். பரீட்சைப் பக்கத்தின் கதவு திறந்தது. அந்தப் பாஸ்வேர்டு என்ன என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. குருசாமிக்கு எத்தனையோ தடவை டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டுவிட்டேன்.

மூன்று நாற்பதுக்கு அந்தப் புரோகிராம் வந்து சேர்ந்தது. டீச்சர் அதை ஓடவிட்டார். ஸ்பீக்கரிலிருந்து ஒரு பெண் குரல் நிதானமாய், ஒவ்வொரு சொல்லாய்ப் பேசியது. கனகவேல் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். ஏதோ ஒரு விசையைத் தட்டத் தட்ட, குரல் வேகமெடுத்தது. இன்னும் வேகம். கடைசியில் குருசாமிக்கு அது பேச்சா, வறுத்த கடலையைக் கொட்டுகிற சத்தமா என்றே புரியவில்லை.

"இது உங்களுக்கு வெளங்குதா தம்பி?"

"இப்பத்தான் வெளங்குது," என்று சிரித்தார் கனகவேல். "நீங்க வாசிச்சது ரொம்ப மெதுவுண்ணாச்சி. ஆனா நல்லா வாசிச்சீங்க."

முன்னறைக் கதவைச் சாத்திவிட்டு இருவரும் வாசலுக்கு வந்தார்கள். உள்ளே கடலை கொட்டுகிற சத்தமும், இடையிடையே விசைகளைத் தட்டுகிற சத்தமும் விடாமல் கேட்டன. பரீட்சை தொடங்கிவிட்டது.

டீச்சர் கிளம்பவில்லை. ஏதாவது கோளாறு வந்தால் ஆள் வேண்டும் என்று வேப்பமர நிழலில் ஸ்கூட்டர்மேல் உட்கார்ந்துகொண்டார். குருசாமி பக்கத்தில் நின்றார். 

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"நேத்து கிளீனர் பிடிச்ச வைரஸும் அவரு அடிக்கிற ஒவ்வொரு எழுத்தையும் பாத்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. நான் தூக்கிப் போட்டதும் ஒவ்வொரு எழுத்தையும் பாத்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. ரெண்டு பேருக்கும் ஒரே வேலை. ஒருத்தன் கள்ளன், ஒருத்தன் காவக்காரன். நான் எப்படி டீச்சர் கண்டுபிடிக்க?"

டீச்சர் சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப கொஞ்ச நேரமா நீங்களும் அவரு அடிச்சதை எல்லாம் பாத்தீங்க, அண்ணாச்சி."

"பாத்தேன்."

"அவருக்கு வந்த கடுதாசி, பாஸ்வேர்டு, எல்லாம்."

"எல்லாந்தான் பாத்தேன்."

"யாருகிட்டச் சொன்னீங்க?"